கேட்டுப் போடும் ஊசியும் கேக்காமப் போடும் ஊசியும்

கெட்டமைன் என்கிற மருந்தின் பெயரை நம்மில் பலர் விமான நிலையக் கடத்தல் செய்திகளில்தான் பார்த்திருப்போம். பொட்டலங்களை அடுக்கி வைத்து, பின்னால் அதிகாரிகள் விறைப்பாக நிற்கிற போட்டோ. ஆனால் அது அடிப்படையில் ஒரு மயக்க மருந்து. சரியான அளவில் கொடுத்தால் மூச்சை அவ்வளவாக அமுக்காது, ரத்த அழுத்தத்தை இறக்காது. பெரிய கருவிகள் இல்லாத ஆஸ்பத்திரியிலும் இதை வைத்துக்கொண்டு அறுத்துத் தைத்துவிட முடியும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மாட்டாஸ்பத்திரியிலும் இது உண்டு. விலை சொற்பம். ஏழை நாடுகளின் மருந்து என்றே சொல்லலாம்.

இந்த ஏழை மருந்து அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் காசுள்ளவர் மருந்தாக ஆன கதை ஒன்று இருக்கிறது. அதே மாநிலத்தில் அதே மருந்தை ஒரு கறுப்பு இளைஞரின் உடம்பில் அவரைக் கேட்காமல் ஏற்றிய கதை இன்னொன்று. முதலாவது மருத்துவப் பக்கத்தில் வருகிறது, இரண்டாவது குற்றச் செய்தியில் வருகிறது. தனித்தனியாக வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் எழுகிற கேள்வி மருத்துவக் கேள்வி அல்ல. ஒரு உடம்பைத் தொடுவதற்கு முன்னால் அந்த உடம்புக்குரிய ஆளிடம் கேட்க வேண்டும் என்கிற நியாயம் எங்கிருந்து வருகிறது? மனுசனாகப் பிறந்ததாலா, காசு கொடுப்பதாலா?

மாநிலம் கொலராடோ. ராக்கி மலைத்தொடர் குறுக்கே ஓடுகிற மாநிலம். தலைநகர் டென்வர், அதை ஒட்டி அரோரா.

முதலில் காசுக் கதை. மனச்சோர்வு என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிற நோய், ஆளைப் படுக்கையிலிருந்து எழவிடாமல் செய்யும், கடைசியில் கயிற்றைத் தேட வைக்கும். வழக்கமான மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். சிலருக்கு எத்தனை மாத்திரை மாற்றினாலும் கேட்காது. 2000-இல் ஏல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு கை விரல்களுக்குச் சற்று மேலான நோயாளிகள்தான். மயக்கத்துக்கு வேண்டியதைவிட மிகக் குறைந்த அளவு கெட்டமைனை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்ததில் மூன்றே நாளில் சோர்வு இறங்கியது. 2006-இல் அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனம், மாத்திரைக்குக் கேட்காத 18 பேரிடம் சோதித்துப் பார்த்தது. ஒரே நாளில் பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. இந்த இரண்டாவது ஆய்வு மக்களின் வரிப்பணத்தில் நடந்தது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கெட்டமைனின் காப்புரிமை எப்போதோ முடிந்துபோனது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றால் யாருக்கும் கொள்ளை லாபம் இல்லை. லாபம் இல்லாத மருந்துக்கு மனச்சோர்வு மருந்து என்று அரசிடம் ஒப்புதல் வாங்கக் கோடிக்கணக்கில் செலவழிக்க எந்தக் கம்பெனி வரும்? அதனால் நரம்பில் ஏற்றும் பழைய கெட்டமைன் மயக்க மருந்தாக மட்டுமே ஒப்புதல் பெற்று நிற்கிறது. டாக்டர் தன் பொறுப்பில் மனச்சோர்வுக்குக் கொடுக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் காப்பீட்டுக் கம்பெனி பொதுவாக அதற்குக் காசு தராது. ஜான்சன் அன்ட் ஜான்சன் கம்பெனி வேறு வழி பார்த்தது. கெட்டமைன் மூலக்கூறு கண்ணாடியில் தெரிகிற பிம்பம்போல இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என இரண்டின் கலவை. அதில் இடக்கைப் பாதியை மட்டும் பிரித்தெடுத்து, மூக்கில் பீச்சும் மருந்தாக்கி, ஸ்ப்ரவாட்டோ என்று பெயர் வைத்து, 2019 மார்ச்சில் ஒப்புதல் வாங்கிவிட்டது. அறிமுகமானபோது 56 மில்லிகிராம் கொண்ட ஒரு தடவை மருந்துக்கு 590 டாலர். முழு மூலக்கூறு சில டாலர், பாதி மூலக்கூறு 590 டாலர். என்னத்தச் சொல்ல.

இப்போது கொலராடோவில் ஒரு தொழிலாளிக்கு இந்த வைத்தியம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நரம்பில் ஏற்றுவது ஒரு தடவைக்கு 400-இலிருந்து 800 டாலர் வரை. இரண்டு மூன்று வாரத்தில் ஆறு தடவை ஏற்ற வேண்டும். 2025-இல் கொலராடோ மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.81 டாலர். மிகக் குறைந்த விலையிலேயே கணக்குப் போட்டாலும் 2,400 டாலர் வருகிறது. அது 162 மணி நேர உழைப்பு. வாடகை கொடுக்காமல், சாப்பிடாமல், வரி கட்டாமல் நாலு வாரம் உழைத்த கூலி முழுசும். அதோடு முடிவதும் இல்லை. குணம் சில நாட்களோ சில வாரங்களோ நிற்கும், அப்புறம் திரும்ப ஏற்ற வேண்டும். மூக்கு மருந்து என்றால் காப்பீடு உண்டு. ஆனால் ஏற்கெனவே இரண்டு மாத்திரைகள் பலிக்கவில்லை என்று நிரூபித்து முன் அனுமதி வாங்க வேண்டும். நிரூபிக்க வேண்டுமானால் அதற்கு முன்பே டாக்டரிடம் போய் வந்த வசதி இருந்திருக்க வேண்டும். ஏழைகளுக்கான அரசு காப்பீடு மெடிக்கெய்ட். அதில் மருந்து காகிதத்தில் கிடைத்தாலும் மெடிக்கெய்ட் அட்டையை வாங்கிக்கொள்ளும் கிளினிக் கிடைக்க வேண்டும்.

கிளினிக்குகள் பெரும்பாலும் மலையின் கிழக்கு ஓரத்து நகரங்களில் இருக்கின்றன: டென்வர், போல்டர், கொலராடோ ஸ்பிரிங்ஸ். தெற்கே அலமோசா பக்கத்து உருளைக்கிழங்கு வயல்களில் வேலை செய்கிறவர் டென்வருக்கு வர ஏறத்தாழ நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். மருந்து எடுத்த அன்று தானே ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது, அது விதி. கூட ஒருத்தர் வர வேண்டும். ஆக இரண்டு பேரின் ஒருநாள் கூலி போயிற்று. மூக்கு மருந்துக்கு இன்னொரு விதி: மருந்து எடுத்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஆள் தெளிந்த பிறகுதான் அனுப்புவார்கள். நல்ல விதிதான். எந்தக் கிளினிக் நல்ல கிளினிக் என்று கண்டுபிடிப்பது மட்டும் நோயாளியின் தலையில் விடப்பட்டிருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் நடத்துவதும் இருக்கிறது, நர்ஸ் நடத்துவதும் இருக்கிறது, விளம்பரம் மட்டும் நடத்துவதும் இருக்கிறது.

இத்தனையும் தாண்டி உள்ளே போனவருக்கு என்ன கிடைக்கிறது? மருந்து கிடைக்கிறது, அதோடு கேள்விகளும் கிடைக்கின்றன. சின்ன வயசில் என்ன நடந்தது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதற்குப் பயப்படுவீர்கள், என்ன சங்கீதம் வேண்டும், கண்ணை மூடத் துணி வேண்டுமா, நடுவில் பயம் வந்தால் நிறுத்தலாமா. சாய்ந்துகொள்ள மெத்தை நாற்காலி. கையெழுத்துப் போடும் காகிதத்தில் ஆபத்துகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எடை பார்த்து அளவு போடுவார்கள். கிலோவுக்கு அரை மில்லிகிராம், நாற்பது நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக. 65 கிலோ ஆளுக்கு 32 மில்லிகிராம் சொச்சம்.

65 கிலோ என்று சும்மா சொல்லவில்லை. எலைஜா மெக்ளெய்னின் எடை ஏறத்தாழ அதுதான்.

2019 ஆகஸ்ட் 24 இரவு அரோராவில் அவர் கடைக்குப் போய் ஐஸ் டீ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். வயது 23. மசாஜ் தொழில் செய்தவர். முகத்தை மூடும் குளிர் தொப்பி போட்டிருந்தார். ரத்தசோகைக்காரர், சீக்கிரம் குளிரெடுக்கும் என்று குடும்பத்தார் பிறகு சொன்னார்கள். தெருவில் பார்த்த யாரோ ஒருவர் போலீசுக்குப் போன் போட்டார். ஆயுதம் இருப்பதாகவோ யாருக்கும் ஆபத்து என்றோ அந்த ஆள்கூடச் சொல்லவில்லை. போலீசார் வந்து மறித்தார்கள், கீழே தள்ளினார்கள், கழுத்து ரத்தக்குழாயை அமுக்கும் பிடி போட்டார்கள். மூச்சு விட முடியவில்லை என்று எலைஜா சொன்னார். வாந்தி எடுத்தார். வாந்தி எடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டார். எல்லாம் போலீசாரின் உடுப்புக் காமிராவில் பதிவாகியிருக்கிறது. அங்கே வந்த மருத்துவ உதவியாளர்கள் அவரை வெறிபிடித்த நிலையில் இருப்பதாக முடிவு கட்டி 500 மில்லிகிராம் கெட்டமைனை ஊசியில் ஏற்றினார்கள். அவர்களுடைய விதிப்படியே பார்த்தாலும் அந்த எடைக்கு 325 மில்லிகிராம்தான். ஊசிக்கு முன்னால் நாடி பார்க்கவில்லை, அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பின்னால் வழக்கில் அரசுத் தரப்பு வாதிட்டது. இதயம் நின்றுபோனது. ஆகஸ்ட் 30 அன்று இறந்தார்.

32 மில்லிகிராமையும் 500 மில்லிகிராமையும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது, நரம்பில் சொட்டுவது வேறு, தசையில் போடுவது வேறு, சோர்வுக்கான அளவு வேறு, அடக்குவதற்கான அளவு வேறு என்று டாக்டர் தோழர்கள் சொல்வார்கள். சரிதான். நான் பக்கத்தில் வைப்பது மில்லிகிராமை அல்ல. ஒரே மாநிலத்தில் ஒரே மருந்துக்கு முன்னால் ஒரு உடம்பிடம் நூறு கேள்வி கேட்கப்படுகிறது, இன்னொரு உடம்பிடம் ஒரு கேள்வியும் இல்லை. முதல் உடம்பு வாடிக்கையாளர். இரண்டாவது உடம்பு சந்தேகத்துக்குரியது. அடக்குவதற்குப் போட்ட ஊசிக்கு மட்டும் பில் கிடையாது, காப்பீட்டு முன் அனுமதி கிடையாது, நாலு மணி நேரப் பயணம் கிடையாது. ஊசியே தேடி வந்தது. எலைஜா ஒருத்தருக்கு நடந்த விபத்தும் அல்ல இது. 2018-க்கும் 2020-க்கும் இடையில் கொலராடோவில் இப்படி ஆஸ்பத்திரிக்கு வெளியே, கிளர்ச்சியை அடக்குவதற்கென்று கெட்டமைன் போடப்பட்டது சுமார் 900 தடவை.

அந்த ஊசிக்கு நியாயம் சொன்ன வார்த்தை 'எக்சைட்டட் டெலீரியம்'. நம் பேச்சில் வெறிச்சன்னி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வார்த்தையின் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. 1980-களில் மயாமி நகரத்துப் பிணப் பரிசோதனை டாக்டர் சார்லஸ் வெட்லி இதைப் பரப்பினார். அந்த ஊரில் வரிசையாகக் கறுப்புப் பெண்கள் இறந்து கிடந்தார்கள். கொக்கெயினும் உடலுறவும் சேர்ந்ததால் வந்த சாவு, கறுப்பினத்துக்கே உரிய ஏதோ கோளாறாக இருக்கலாம் என்கிற போக்கில் அவர் விளக்கம் சொன்னார். பிறகு அவருடைய மேலதிகாரி பிணப் பரிசோதனைகளைத் திரும்பப் பார்த்தபோது, அந்தப் பெண்கள் கழுத்து நெரித்தோ மூச்சை அடைத்தோ கொலை செய்யப்பட்டவர்கள் என்று தெரிந்தது. கொலைகாரன் வெளியே நடமாடிக்கொண்டிருந்தான், விஞ்ஞானம் பிணத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தது. அந்த வார்த்தை அதற்குப் பிறகும் சாகவில்லை. 2009-இல் அமெரிக்க அவசர சிகிச்சை டாக்டர்கள் சங்கம் அதற்கு ஓர் அறிக்கை மூலம் மரியாதை கொடுத்தது. அந்த அறிக்கையைத் திரும்பப் பெற 2023 வரை ஆயிற்று. இதற்கெல்லாம் தாத்தா ஒருவர் இருக்கிறார். 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தெற்கத்தி டாக்டர், அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று சொல்லி அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். ஓடினாலும் நோய், திமிறினாலும் நோய்.

அரோராவில் நடந்தது பிறகு வழக்கானது. 2021-இல் நகராட்சி எலைஜாவின் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பிணப் பரிசோதனை அறிக்கையைத் திருத்தி, கட்டாயமாகப் பிடித்து அமுக்கிய பின் கெட்டமைன் கொடுத்ததால் வந்த விளைவுகளே சாவுக்குக் காரணம் என்று எழுதினார்கள். 2023 டிசம்பரில் மருத்துவ உதவியாளர்கள் இருவரையும் நடுவர் குழு குற்றவாளிகள் என்றது. அதில் ஒருவருக்கு 2024 மார்ச்சில் ஐந்தாண்டு சிறை விதித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நீதிபதி அதைக் குறைத்து நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விட்டார். போலீசார் மூவரில் ஒருவர் மட்டுமே தண்டிக்கப்பட்டார்.

மருந்தின் சரித்திரத்தில் இன்னும் பின்னால் போனால் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. கெட்டமைன் முதன்முதலாக மனித உடம்பில் ஏற்றப்பட்டது 1964-இல், மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் சிறைக் கைதிகளுக்கு. பார்க்-டேவிஸ் கம்பெனிக்காக டொமினோ, கோர்சன் என்ற இரண்டு டாக்டர்கள் செய்த சோதனை. கைதிகள் கையெழுத்துப் போட்ட தொண்டர்கள் என்று ஆவணம் சொல்கிறது. கம்பிக்குள் இருப்பவனின் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆவணம் சொல்லவில்லை. கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது என்று அந்தக் கைதிகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான், ஆளை உடம்பிலிருந்து பிரிக்கும் மயக்கம் என்று இந்த மருந்துக்கு ஒரு வகைப்பெயர் வந்தது. பெயரை எடுத்துக்கொடுத்தது டொமினோவின் மனைவி. இன்று கிளினிக்கில் காசு கொடுத்து வாங்குவதும் அந்த மிதப்பைத்தான். மருந்தின் அனுபவத்தை முதலில் வார்த்தையாக்கிக் கொடுத்தவர்கள் கைதிகள். அவர்கள் வகையறாவுக்கு அதை விலைக்கு வாங்க இன்று வழி கிடையாது.

அப்படியானால் காசு இருந்தால் சம்மதம் பத்திரமா? அதுவும் இல்லை. கொலராடோவை விட்டு ஒரு நிமிடம் கலிபோர்னியாவுக்குப் போனால் போதும். நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் செத்துப்போனார், 54 வயது. அவர் முறையான கெட்டமைன் வைத்தியத்திலும் இருந்தவர், அதற்கு வெளியே அளவில்லாமல் வாங்கியவரும்கூட. டாக்டர்கள் இருவர் உட்பட ஐந்து பேர் மேல் வழக்கு வந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கேட்டதையெல்லாம் விற்பதும் மனுசனை மதிப்பது ஆகாது. அவரிடம் கேட்டது, எவ்வளவு தருவாய் என்கிற கேள்வியை மட்டும்தான்.

இதிலிருந்து எனக்குப் படுவது இது. சந்தை கேட்கிறது, ஆனால் காசைப் பார்த்துக் கேட்கிறது. அரசு இலவசமாகக் கொடுக்கிறது, ஆனால் கேட்காமல் கொடுக்கிறது. இதை நமக்கு யாரும் அமெரிக்காவிலிருந்து விளக்க வேண்டியதில்லை. நம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வலியில் கத்துகிற சேரிப் பெண்ணுக்குக் கிடைக்கிற பதில் என்ன? அவள் ஏன் கத்துகிறாள் என்று கேட்பதற்கு முன்னால் அவள் வாயை அடக்குகிற வார்த்தைதான் வரும். என்ன ஊசி போடுறீங்கன்னு கேட்டா, "இலவசம்தானே, பேசாம இரு." குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசனுக்கு எத்தனை கைநாட்டு விவரம் சொல்லாமல் வாங்கப்பட்டது என்பது நம் தாய்மாருக்குத் தெரியும். தொடமாட்டேன் என்று ஒதுக்குவதும், கேட்காமல் தொடுவதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கை. கோயிலில் தொடாத உடம்பைப் போலீஸ் ஸ்டேசனில் யாரும் அனுமதி கேட்டுத் தொடுவதில்லை.

இதை எங்கள் படிப்பு வட்டத்தில் பேசியபோது ஒரு தோழர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். "ஏன் தோழர், அவமானத்தால வந்த நோவுக்கு மருந்து போட்டா கோபம் போயிருமே. கோபம் போயிட்டா இயக்கம் எங்க இருக்கும்? நிறவெறியை ஒழிக்காம மூளைக்கு மருந்து கொடுக்கறது, அவனையே நோயாளி ஆக்குறதுதானே?" கார்ட்ரைட்டைப் பற்றி இப்போதுதான் எழுதினேன், ஆகவே இந்தக் கேள்வியில் உள்ள நியாயம் எனக்குத் தெரியும். அடக்குமுறையை நோயாக்கிக் காட்டுவது பழைய வித்தை. ஆனாலும் இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால்தான் அது வெளியே வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தால் கலந்தவனைத் தேடும் கோபம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னோமா? தண்ணிக்கு ஒரு நியாயம், மனசுக்கு ஒரு நியாயமா? அம்பேத்கர் நீரிழிவால் பல வருடம் கஷ்டப்பட்டவர், இன்சுலின் போட்டுக்கொண்டவர். வலியை வைத்துக்கொண்டால்தான் நன்றாக எழுத வரும் என்று அவர் ஊசியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

தோழரின் கேள்விக்குப் பின்னால் நம் இலக்கியத்திலும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. தலித் எழுத்து என்றால் ரணம், கண்ணீர், சீழ் என்று எதிர்பார்க்கிற ஒரு வாசகக் கூட்டம் உருவாகிவிட்டது. கூட்டங்களில் எழுந்து, "உங்க வலியை இன்னும் கொஞ்சம் ஆழமா எழுதியிருக்கலாம்" என்கிறார்கள். அவர்கள் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். எழுதினவருக்குத் தூக்கம் இல்லை. நம் ஆட்களின் வலி இயக்கத்தின் முதலீடும் அல்ல, இலக்கியத்தின் கச்சாப்பொருளும் அல்ல. படுத்தால் தூங்குகிற உரிமை கூட்டத்தில் முழக்கம் போடுகிற உரிமைக்குக் கீழானது என்று எனக்குத் தோன்றவில்லை. மனச்சோர்வு வந்து படுத்தவனால் கோபப்படக்கூட முடியாது என்பது அதில் கிடந்து எழுந்தவர்களுக்குத் தெரியும்.

1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் யாருடைய பெயரை எடுத்துக்கொண்டார்களோ அந்தக் கறுப்புச் சிறுத்தைகளுக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. டென்வரிலும் அவர்களுக்குக் கிளை இருந்தது. துப்பாக்கிப் படத்தை மட்டும்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். அவர்கள் நாடு முழுவதும் நகரங்களில் மக்கள் இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தினார்கள். கறுப்பர்களை அதிகம் தாக்கும் அரிவாள் செல் ரத்தசோகையைக் கண்டறிய ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பரிசோதனை செய்தார்கள். நோயாளி பக்கம் நின்று டாக்டரிடம் பேசுவதற்கு, டாக்டர் சொன்னதை நோயாளிக்கு விளக்குவதற்கு ஆட்களை வைத்தார்கள். 1972-இல் தங்கள் பத்து அம்சத் திட்டத்தைத் திருத்தியபோது கறுப்பர்களுக்கும் எல்லா ஒடுக்கப்பட்டவர்களுக்கும் முழு இலவச மருத்துவம் என்ற கோரிக்கையைச் சேர்த்தார்கள். இலவசமாகவும் கொடு, கேட்டும் கொடு. சந்தையும் அரசும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் சேர்த்துக் கேட்டார்கள்.

எலைஜாவின் சாவுக்குப் பிறகு, மக்கள் தெருவில் இறங்கிய பிறகு, 2021-இல் கொலராடோ சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கெட்டமைன் போடு என்று போலீஸ் சொல்லக் கூடாது. வெறிச்சன்னி என்பதை அவசரக் காரணமாகக் காட்டக் கூடாது. போடுவதற்கு முன் எடையைச் சரியாகக் கணிக்க வேண்டும், உடம்பைக் கண்காணிக்கும் கருவி கையில் இருக்க வேண்டும். கேக்காமப் போடும் ஊசிக்கு அந்தச் சட்டம் ஒரு கடிவாளம். கேட்டுப் போடும் ஊசி அரோராவில் மணிக்கூலி வாங்குகிற ஒருத்தருக்கு எந்த வழியாக வந்து சேரும் என்பது அந்தச் சட்டத்தின் விசயம் இல்லை. அதற்கு 2025 கூலிப்படி மணிக்கு 14.81 டாலரை 162-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.